ஈயத்திலிருந்து பிளாஸ்டிக்குக்கு: குழாய்த் தொழில் மாறிய கதை

வீட்டில் குழாய் ஒழுகினால் யாரைக் கூப்பிடுகிறோம்? 'பிளம்பரை' என்று உடனே சொல்லிவிடுவீர்கள். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று எப்போதாவது யோசித்ததுண்டா? இலத்தீன் மொழியில் 'பிளம்பம்' என்றால் காரீயம். வேதியியல் பாடத்தில் காரீயத்தின் குறியீடு ஏன் 'பிபி' என்று இருக்கிறது என வியந்திருப்பீர்கள். அந்த இரண்டு எழுத்துகளும் 'பிளம்பம்' என்ற சொல்லிலிருந்து எடுத்தவைதாம். ஆக, பிளம்பர் என்றால் 'ஈய வேலைக்காரர்' என்று பொருள்.

ஆனால் இன்றைய பிளம்பரின் பையைத் திறந்து பாருங்கள். ஈயம் இருக்காது. ஹேக்ஸா பிளேடு, வெள்ளை நாடாச் சுருள், பசைபோன்ற ஒரு திரவம் அடைத்த சிறு டப்பா, சில பிளாஸ்டிக் எல்போக்கள், டீக்கள் இவைதாம் இருக்கும். ஈயம் எங்கே போனது? ஏன் போனது? அதன் இடத்தில் வந்த பொருள்கள் எவை? இவற்றுக்கு விடை தேடினால் வேதியியல், இயற்பியல், நிலவியல், உடல்நலவியல் என்று உங்கள் பாடங்கள் பலவும் ஒரே குழாய்க்குள் ஓடுவதைக் காண்பீர்கள்.

இந்தக் கதையைப் பார்க்க ஏற்ற ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் மின்சார ரயிலில் போனால், எண்ணூருக்கும் மீஞ்சூருக்கும் இடையே அத்திப்பட்டு வரும். ஒரு பக்கம் வங்கக் கடல். அருகே கொசத்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர்க் கழிமுகம். வானளாவிய புகைபோக்கிகளுடன் வட சென்னை அனல்மின் நிலையம். கடலும் ஆறும் ஆலையும் இப்படி நெருங்கி நிற்கும் ஊரில், குழாய்க்கு நேரும் சோதனைகள் எல்லாம் சற்றுக் கடுமையாகவே நேருகின்றன.

மண்ணும் ஈயமும்

மனிதன் முதலில் குழாய் செய்தது மண்ணால்தான். தமிழகத்தில் கீழடி அகழாய்வில் சுடுமண் குழாய்களும் உறைகிணறுகளும் வெளிப்பட்டிருக்கின்றன. சுட்ட மண் துருப்பிடிக்காது, நீரைக் கெடுக்காது. ஆனால் எளிதில் உடையும். அதிக அழுத்தத்தைத் தாங்காது.

ரோமானியர் ஈயத்தைத் தேர்ந்தெடுத்தனர். காரணம் எளிது. ஈயம் 327 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். இரும்பை உருக்க 1,500 டிகிரிக்கு மேல் வேண்டும். ஈயத் தகட்டைக் கையாலேயே வளைக்கலாம். சுருட்டி விளிம்பை ஒட்டினால் குழாய் தயார். ஆனால் அதன் தீமையை அக்காலத்திலேயே கவனித்தவர் உண்டு. விட்ருவியஸ் என்ற ரோமானியக் கட்டடக் கலைஞர், ஈயத் தொழிலாளரின் வெளிறிய உடலைச் சுட்டிக்காட்டி, குடிநீருக்கு ஈயக் குழாயைவிட மண் குழாயே நல்லது என்று 2,000 ஆண்டுகளுக்கு முன்பே எழுதினார். அவர் பேச்சை உலகம் நெடுங்காலம் கேட்கவில்லை.

ஈயம் உடலில் சிறிது சிறிதாகச் சேரும் நஞ்சு. அது எலும்பில் தங்குகிறது. நரம்பு மண்டலத்தைத் தாக்குகிறது. வளரும் குழந்தைகளின் மூளைக்கு அதனால் கேடு மிகுதி. உடலில் இவ்வளவு ஈயம் இருந்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து.

அப்படியானால் ஈயக் குழாயில் நீர் குடித்த எல்லாரும் உடனே நோயுற்றிருக்க வேண்டுமே? நீரில் சுண்ணாம்பு போன்ற உப்புகள் இருந்தால், குழாயின் உட்புறத்தில் மெல்லிய படிவு உண்டாகும். அந்தப் படிவு நீருக்கும் ஈயத்துக்கும் நடுவே திரைபோல் நிற்கும். நீரின் தன்மை மாறினால் திரை கிழியும். அமெரிக்காவில் பிளின்ட் என்ற நகரில் 2014-ல் நடந்தது இதுதான். செலவைக் குறைக்க வேறொரு ஆற்றிலிருந்து நீர் எடுத்தார்கள். அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களிலிருந்த படிவு கரைந்து, ஈயம் குடிநீரில் கலந்துவிட்டது. புதிய கட்டடங்களில் ஈயக் குழாய் போடுவதை அமெரிக்கா 1986-லேயே தடை செய்திருந்தது. ஆனால் மண்ணுக்குள் ஏற்கெனவே புதைத்த குழாய்கள் அங்கேயே இருந்தன. குழாய் வேலையில் செய்யும் தவறு அதைச் செய்தவரின் ஆயுளையும் தாண்டி நிற்கும் என்பதற்கு இது சான்று.

வார்ப்பிரும்பு வந்தது

சென்னையின் கதைக்கு வருவோம். 1772-ல் ஏழு கிணறு என்ற இடத்தில் கிணறுகள் வெட்டி, ஜார்ஜ் கோட்டைக்கு நீர் கொண்டு சென்றார்கள். நகரம் பெருகவே அது போதவில்லை. ஃபிரேசர் என்ற பொறியாளர் வகுத்த திட்டம் 1872-ல் நிறைவேறியது. தாமரைப்பாக்கத்தில் அணைக்கட்டி, கொசத்தலை ஆற்று நீரைச் சோழவரம் ஏரிக்கும் செங்குன்றம் ஏரிக்கும் திருப்பினார்கள். அங்கிருந்து நீர் கால்வாய் வழியே கீழ்ப்பாக்கம் வந்து, இரும்புக் குழாய்களில் நகருக்குள் பாய்ந்தது. 1914-ல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகளும் நீரேற்று நிலையமும் அமைந்தன. அத்திப்பட்டின் அருகே கடலில் கலக்கும் ஆற்றின் நீரே சென்னையின் முதல் பெருங்குழாய்களை நிரப்பியது என்பதைக் கவனியுங்கள்.

பெருங்குழாய்கள் வார்ப்பிரும்பால் ஆனவை. அவற்றை இணைத்தது எப்படி தெரியுமா? ஒரு குழாயின் அகன்ற வாயில் அடுத்த குழாயின் முனையைச் செருகுவார்கள். இடுக்கில் சணலைத் திணித்து இறுக்குவார்கள். இணைப்பின் வெளிப்புறத்தில் களிமண் வளையம் கட்டி, ஒரு துளை வழியே உருகிய ஈயத்தை ஊற்றுவார்கள். ஈயம் குளிரும்போது சற்றுச் சுருங்கும். ஆகவே உளியாலும் சுத்தியலாலும் சுற்றிச் சுற்றித் தட்டி அதை இறுக்குவார்கள். ஈயம் மெத்தென்று இருப்பதால் அடிக்க அடிக்க இடுக்கை நிறைக்கும். குழாயில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் ஆபத்து! நீர் நொடியில் ஆவியாகி விரிந்து, உருகிய ஈயத்தை முகத்தில் வீசியடிக்கும். அந்த வேலைக்குக் கூர்ந்த கண்ணும் பொறுமையும் வேண்டும். ஈயக் குழாய் மறைந்த பிறகும் 'ஈய வேலைக்காரர்' என்ற பெயர் நீங்கள் எண்ணுவதைவிட நெடுநாள் பொருத்தமாகவே இருந்தது.

துத்தநாகச் சட்டை

வீட்டுக்குள் வந்த குழாய் வேறு வகை. கடையில் 'ஜி.ஐ. பைப்' என்று கேட்டால் தருவார்களே, அது. இரும்புக் குழாயைச் சுமார் 450 டிகிரியில் உருகிய துத்தநாகத்தில் தோய்த்து எடுப்பார்கள். 1837-ல் பிரான்சில் சோரல் என்பவர் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார்.

துத்தநாகம் வெறும் வண்ணப்பூச்சு அன்று. வண்ணப்பூச்சில் கீறல் விழுந்தால் அங்கே இரும்பு துருப்பிடிக்கும். துத்தநாகப் பூச்சில் சிறு கீறல் விழுந்தாலும் இரும்பு தப்பிக்கும். ஏன்? துருப்பிடித்தல் என்பது உண்மையில் ஒரு சிறு மின்கலத்தின் வேலை. ஓர் உலோகம் மின்னணுக்களை இழந்து நீரில் கரைகிறது. இரும்பின் நியம மின்முனை அழுத்தம் -0.44 வோல்ட், துத்தநாகத்தின் அழுத்தம் -0.76 வோல்ட். இரண்டும் தொட்டுக்கொண்டு நீரில் இருந்தால், மின்னணுக்களை எளிதில் இழப்பது துத்தநாகமே. தன்னைக் கரைத்துக்கொண்டு இரும்பைக் காக்கிறது! ஆனால் இந்தக் காவலுக்கு முடிவு உண்டு. துத்தநாகம் தீர்ந்த அன்று இரும்பின் முறை தொடங்கும்.

ஜி.ஐ. குழாய் வந்ததும் பிளம்பரின் கை வேறு வித்தையைக் கற்றது. குழாயை வைஸில் பிடித்து, டை என்ற கருவியால் முனையில் மரை வெட்ட வேண்டும். அரை அங்குலக் குழாயில் ஓர் அங்குல நீளத்துக்கு 14 மரைகள். மரை நேராக இராது. முனையை நோக்கி 16-க்கு 1 என்ற கணக்கில் ஒடுங்கும். அதனால் திருகத் திருக இறுக்கம் கூடும். எஞ்சிய இடுக்கைச் சணலும் வெள்ளை ஈயப் பசையும் அடைக்கும். ஆம், இங்கும் ஈயம்! பின்னர் சணலின் இடத்தை டெஃப்லான் நாடா பிடித்தது. 1938-ல் ராய் பிளங்கெட் என்ற வேதியியலாளர் வேறொன்றை ஆராயும்போது தற்செயலாகக் கிடைத்த பொருள் அது.

அளவெடுப்பதில் அரை அங்குலம் பிசகினால் குழாய் வீண். நடுவில் ஓர் இணைப்பைக் கழற்ற வேண்டுமானால், யூனியன் இல்லாத இடத்தில் கோடிவரை எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். எந்த இடத்தில் நாளை பழுது வரும் என்று இன்றே எண்ணிப் பார்த்து யூனியன் வைப்பவரே நல்ல பிளம்பர் என்று பெயர் பெற்றார்.

கடல் உள்ளே வந்தது

இப்போது அத்திப்பட்டுக்குத் திரும்புவோம். ஜி.ஐ. குழாய்க்கு உப்பு பெரும் பகை. உப்பு நீர் மின்சாரத்தை நன்கு கடத்தும். எனவே துருவை உண்டாக்கும் அந்தச் சிறு மின்கலம் வேகமாக இயங்கும். கடலோர மண்ணிலும் உப்புக் கிணற்று நீரிலும் துத்தநாகச் சட்டை விரைவில் கிழிந்துபோகும்.

கடல் நீர் கிணற்றுக்குள் எப்படி வரும்? கணக்கிட்டுப் பார்ப்போம். நன்னீரின் அடர்த்தி 1.000, கடல் நீரின் அடர்த்தி 1.025. எனவே 40 மீட்டர் உயரக் கடல் நீர்த் தம்பத்தின் எடையும் 41 மீட்டர் உயர நன்னீர்த் தம்பத்தின் எடையும் சமம் (40 × 1.025 = 41). கடலோர மண்ணுக்குள் நன்னீர், கடல் நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நன்னீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் இருந்தால், கீழே 40 மீட்டர் ஆழம்வரை அது கடல் நீரைத் தள்ளி நிறுத்தும். மோட்டார் வைத்து இறைத்து அந்த 1 மீட்டரைக் குறைத்துவிட்டால், காலப்போக்கில் கீழேயுள்ள கடல் நீர் 40 மீட்டர் மேலேறலாம்! மேலே ஒரு பங்கு எடுத்தால் கீழே நாற்பது பங்கு இழப்பு.

இது வெறும் கணக்கன்று. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் நிலத்தடி நீர் வளமாக இருப்பதை 1960-களின் பிற்பகுதியில் ஆய்வுகள் காட்டின. அங்கே ஆழ்குழாய்க் கிணறுகள் தோண்டி மணலி ஆலைகளுக்கும் சென்னைக்கும் நீர் எடுத்தனர், உழவர்களும் இறைத்தனர். மீஞ்சூர்ப் பகுதியில் 1969-ல் கரையிலிருந்து ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தொலைவில் இருந்த உப்பு நீர் எல்லை, 1980-களில் ஏறத்தாழ 9 கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. சென்னையிலும் சுற்றுப்புறக் கிராமங்களிலும் நிலத்தடி நீர் எடுப்பதை ஒழுங்குபடுத்த 1987-ல் தனிச் சட்டம் இயற்ற நேர்ந்தது. வல்லூர் அணைக்கட்டு போன்ற தடுப்புகளில் தேங்கும் நீர் மண்ணுள் இறங்கி, கடலை எதிர்த்துத் தள்ளும் வேலையைச் செய்கிறது. ஆயினும் ஒருமுறை உப்பேறிய மண்ணிலிருந்து உப்பை வெளியேற்றப் பல்லாண்டுகள் ஆகும்.

பிளாஸ்டிக் காலம்

உப்புக்கு அஞ்சாத குழாய் ஒன்று தேவைப்பட்டது. அதுதான் பி.வி.சி. என்னும் பாலிவினைல் குளோரைடு. ஜெர்மனியில் 1930-களில் இதைக் குழாயாக வார்க்கத் தொடங்கினார்கள். இந்தியாவில் 1980-களிலிருந்து இது வேகமாகப் பரவியது. இரும்பின் அடர்த்தியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு, துருப்பிடிக்காது, உட்புறம் வழவழப்பானது. துருவும் உப்பும் படிந்து ஒரு குழாயின் உள்விட்டம் பாதியானால், பரப்பு நான்கில் ஒன்றாகிவிடும். உராய்வும் கூடுவதால் நீர் அதைவிடக் குறைவாகவே வரும். பி.வி.சி.யில் துருவால் வரும் இந்த அடைப்பு இல்லை.

இதன் இணைப்பில் மரை வேண்டாம், நெருப்பு வேண்டாம். டப்பாவிலுள்ள 'சால்வென்ட் சிமெண்ட்' பசை அன்று. அது ஒரு கரைப்பான். குழாயின் மேற்பரப்பையும் எல்போவின் உட்பரப்பையும் அது சற்றுக் கரைத்து இளக்குகிறது. இரண்டையும் செருகினால் இருபுறத்து நீண்ட மூலக்கூறுகளும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. கரைப்பான் ஆவியானதும் இரண்டும் ஒரே பொருள் ஆகிவிடும். முனையில் தூசியோ ஈரமோ இருந்தால் பின்னல் சரியாக விழாது. வேலை எளிதாகத் தோன்றுவதால் கவனம் குறையும். ஒழுகலுக்குப் பெரும்பாலும் அதுவே காரணம்.

பி.வி.சி.க்கும் குறைகள் உண்டு. வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் நாளடைவில் நொறுங்கும். வெந்நீரில் இளகும். வெந்நீருக்கென்று குளோரினைக் கூடுதலாகச் சேர்த்த சி.பி.வி.சி. வந்தது. இன்னொரு செய்தி உங்களை வியக்க வைக்கும். பி.வி.சி.யை வார்க்கும்போது வெப்பத்தால் அது சிதையாமலிருக்க, ஈயச் சேர்மங்களைக் கலக்கும் வழக்கம் இருந்தது. முன்வாசல் வழியே போன ஈயம் பின்வாசல் வழியே வந்துவிட்டது! குழாய்களில் ஈயச் சேர்மங்களை விலக்குவதற்கான விதிகளை மத்திய அரசு 2021-ல் வெளியிட்டது. குழாய் வாங்கும்போது தர முத்திரையைப் பார்ப்பது இதனால்தான்.

ஒரு குழாயா, பல குழாய்களா?

முன்பு பிளம்பருக்கு இரண்டு நீர்கள் தெரிந்தால் போதும்: உள்ளே வரும் நல்ல நீர், வெளியே போகும் கழிவு நீர். இரண்டும் சேராமல் காப்பது அவர் கடமை. கழிவறைக் குழாயின் வளைவில் எப்போதும் கொஞ்சம் நீர் தேங்கி நிற்குமே, அது சாக்கடை வாயுவைத் தடுக்கும் நீர்க்கதவு. அலெக்சாண்டர் கம்மிங் என்பவர் 1775-ல் காப்புரிமை பெற்ற உத்தி அது. இன்றும் மாறவில்லை.

இன்று நீர்களின் எண்ணிக்கை பெருகிவிட்டது. அத்திப்பட்டுக்கு அருகே காட்டுப்பள்ளியில் 2010 முதல் கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையம் இயங்குகிறது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் திறனுடையது. எதிர் சவ்வூடு பரவல் முறையில், காற்றழுத்தத்தைப்போல் 50 மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் கடல் நீரை மென்சவ்வின் வழியே தள்ளுகிறார்கள். அங்கே உப்பும் உயர் அழுத்தமும் சேர்ந்து தாக்குவதால், சாதாரண இரும்புக் குழாய் நிற்காது. கொடுங்கையூரில் 2019-ல் தொடங்கிய நிலையம், கழிவு நீரைத் தூய்மையாக்கி நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் வரை மணலி, மீஞ்சூர் வட்டார ஆலைகளுக்கு வழங்கும் திறனுடையது. ஆலைகள் கழிவு நீரை வாங்கிக்கொண்டால், கிணற்று நீர் மனிதருக்கும் மண்ணுக்கும் மிஞ்சும். தமிழகத்தில் 2003 முதல் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். முன்பு கூரைக் குழாயைத் தெருவை நோக்கித் திருப்பிய பிளம்பர், இப்போது அதை மண்ணுக்குள் திருப்புகிறார். 1 மீட்டருக்கு 40 மீட்டர் என்ற கணக்கை நினைத்துப் பாருங்கள். அந்தக் கூரைக் குழாயும் கடலைத் தள்ளும் படையில் ஒரு வீரன்தான்.

நீர்கள் பெருகப் பெருக, தவறான இணைப்பின் ஆபத்தும் பெருகும். குழாயில் நீர் சில மணி நேரமே வரும் ஊர்களில் இன்னொரு ஆபத்து உண்டு. நீர் நின்றதும் குழாய்க்குள் அழுத்தம் குறையும். அப்போது விரிசல் வழியாகச் சுற்றியுள்ள சாக்கடை நீர் உள்ளே உறிஞ்சப்படலாம். தெருக் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து இழுப்பவர், தம் வீட்டுக்கு நீரை மட்டும் இழுப்பதில்லை. மஞ்சள் காமாலையையும் வயிற்றுப்போக்கையும் தெரு முழுவதற்கும் இழுக்கிறார்.

தொழில் கற்கும் முறை

மேஸ்திரியிடம் கையாளாகச் சேர்ந்து, கருவி எடுத்துக் கொடுத்துக் கொடுத்தே கற்றதுதான் பழைய முறை. இன்று தொழிற்பயிற்சி நிலையங்களில் பிளம்பர் தொழிலுக்கு ஓராண்டுப் பயிற்சி இருக்கிறது. ஒடிசாவில் கேந்திரபாடா மாவட்டத்தவர் இந்தியாவின் பல நகரங்களிலும் இத்தொழிலில் பெயர் பெற்றவர்கள். அங்குள்ள பட்டாமுண்டையில் குழாய்த் தொழிலுக்கென்றே அரசு நிறுவனம் ஒன்று அமைந்திருக்கிறது. 2019-ல் ஜல் ஜீவன் திட்டம் தொடங்கியபோது, நாட்டின் கிராமப்புறங்களில் 3.23 கோடி வீடுகளுக்கே, அதாவது ஆறில் ஒரு வீட்டுக்கே குழாய் இணைப்பு இருந்தது. அதன் பின் பல கோடி இணைப்புகள் வந்துவிட்டன. ஒவ்வோர் இணைப்பும் பல்லாண்டு ஒழுகாமல் நிற்க, தேர்ந்த கை வேண்டும்.

சிலர் இதைத் தாழ்ந்த வேலையாக எண்ணுகிறார்கள். மருத்துவர் நோய் வந்த பிறகு பார்க்கிறார். நல்ல பிளம்பர் நோய் வராமலே தடுக்கிறார். மரை வெட்டும் கலை மறையலாம்; ஆனால் அழுத்தம், அரிப்பு, கலப்பு ஆகிய மூன்றையும் அறிந்து வேலை செய்யும் அறிவுக்கு இனித்தான் மதிப்புக் கூடும்.

செய்து பாருங்கள்

1. மூன்று கண்ணாடிக் குவளைகள் எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் குடிநீரும் ஒரு புதிய இரும்பு ஆணியும் இடுங்கள். இரண்டாவதில் இரண்டு தேக்கரண்டி உப்புக் கரைத்த நீரும் ஓர் ஆணியும் இடுங்கள். மூன்றாவதில் அதே அளவு உப்பு நீர். ஆணியின்மேல் துத்தநாகம் பூசிய வேலிக் கம்பியை இறுகச் சுற்றி இடுங்கள். ஒரு வாரம் நாள்தோறும் கவனித்துக் குறிப்பெழுதுங்கள். எந்த ஆணி முதலில் துருப்பிடித்தது? மூன்றாவது குவளையில் வெண்மையாகப் படிவது எது?

2. உங்கள் பள்ளியில் ஒழுகும் குழாய் ஒன்றின்கீழ் அளவு சாடியை வைத்து, பத்து நிமிடத்தில் சேரும் நீரை அளந்து, ஓராண்டுக்குக் கணக்கிடுங்கள். நொடிக்கு ஒரு சொட்டு, 20 சொட்டு 1 மில்லிலிட்டர் என்று கொண்டால், ஓராண்டில் ஏறத்தாழ 1,577 லிட்டர் வீணாகும். உங்கள் விடையைத் தலைமையாசிரியரிடம் காட்டுங்கள்.

சிந்தியுங்கள்

1. மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டம் குழாய்க்கு 10 மீட்டர் உயரத்தில் இருந்தால், குழாயில் நீரின் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிலோ? தொட்டியை அகலமாக்கினால் அது கூடுமா?

2. செம்புக் குழாயையும் ஜி.ஐ. குழாயையும் நேரடியாக இணைக்கக் கூடாது என்கிறார்கள். ஏன்?

3. கடலோரக் கிணற்றில் நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் அரை மீட்டர்தான் இருக்கிறது. அங்கே 30 மீட்டர் ஆழத்தில் ஆழ்குழாய் இறக்கலாமா?